குதிரைக்கு ஹாரன் அடிக்காதீங்க சார்!

காலை எட்டே முக்கால் மணி. திருவொற்றியூர் ஹைரோடு. முன்னால் கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் மாநகரப் பஸ், இடது பக்கம் ஷேர் ஆட்டோ. ஒன்பதரைக்குள் பாரிமுனை ஆபீஸில் ரேகை வைத்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்து ரோடு ஓரமாக ஒரு குதிரை வந்தால் நம்ம கட்டை விரல் எங்கே போகும்? நேரா ஹாரனுக்குத்தான்!

வம்பே அங்கேதான் ஆரம்பம்.

"மெட்ராஸ்ல ஏது சார் குதிரை?" என்கிறீர்களா? மெரினாவில் சவாரிக் குதிரை இருக்கிறது. புதுப்பேட்டையில் போலீஸ் குதிரைப்படை இருக்கிறது. ஜிகினா வேலைப்பாடு மினுமினுக்க மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரை, முகூர்த்த நாளில் எந்தத் தெருவிலும் எதிர்ப்படலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ரேக்ளா குதிரையும் தெரியும். திருக்கடையூர் - தரங்கம்பாடி ரோட்டில் காணும் பொங்கலன்று பார்த்திருப்பீர்கள்.

துறைமுகத்துக்கும் குதிரைக்கும் பழைய சம்பந்தமும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்கு ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் கப்பலாக மதராஸில் வந்து இறங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்றே பெயர். இன்றைக்கு அதே கரையில் டிரெய்லர்கள் இறங்கி வருகின்றன. அதனால்தான், பழக்கத்தில் இருக்கும் இளங்குதிரை பக்கத்தில் பைக் ஓட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதல் பயம்... அப்புறம்தான் யோசனை!

குதிரை புல் தின்கிற பிராணி. காட்டில் அதன் முக்கியத் தற்காப்பு ஓட்டம். சத்தம் கேட்டால் முதலில் ஓடும், பிறகுதான் 'என்ன அது?' என்று திரும்பிப் பார்க்கும். வயசான குதிரை ஆயிரம் பஸ்ஸைப் பார்த்து அலுத்துப் போயிருக்கும். இளசு அப்படியில்லை. அதற்கு உங்கள் பைக் ஒரு மிருகம். ஹாரன், அதன் உறுமல்!

கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் கீழேயும் அதற்குக் கண் தெரியாது. வண்டியில் பூட்டிய குதிரைக்குக் கண்பட்டை வேறு கட்டியிருப்பார்கள். அப்போது பக்கவாட்டும் போச்சு. முதுகுக்குப் பின்னால் 'டுபுடுபு' என்று வருகிற புல்லட்டைக் காது மட்டும்தான் கண்டுபிடிக்கும்.

மிரண்டால் என்ன ஆகும்? நானூறு, ஐந்நூறு கிலோ எடை ஒரே துள்ளலில் பக்கவாட்டில் பாயும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு மாதிரி இடத்தில் அந்தப் பக்கம் யார் இருப்பார்? டிரெய்லர்! நடுவில் மாட்டுவது குதிரை, குதிரைக்காரர், நீங்கள் - மூன்று பேருமே.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கயிற்றைப் பிடித்து ஒருத்தர் கூடவே நடந்து வருகிறாரா? நேராகப் போகாமல் சாய்ந்து சாய்ந்து நடக்கிறதா? தலையைத் தூக்கி, மூக்கு விடைத்து, கண்ணில் வெள்ளை தெரிகிறதா? உஷார்! காதைப் பின்னால் அப்பிக்கொண்டால் 'கிட்ட வராதே' என்று அர்த்தம். ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் லேசாகத் திரும்பினால் நல்ல சகுனம். நீங்கள் வருவது அதற்குத் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் செய்யுங்க...

* தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் குறையுங்கள். கிட்டே வந்து 'கிறீச்' பிரேக் வேண்டாம்.

* ஹாரன் வேண்டாம். "அண்ணே, பின்னாடி வரேன்... தாண்டிக்கட்டுமா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். மனுஷக் குரல் அதற்குப் பழக்கம்.

* வாலை ஒட்டிப் போகவே கூடாது. உதை வாங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

* தாண்டும்போது தாராளமாக இடம் விடுங்கள். இங்கிலாந்தில் 2022 முதல் சாலை விதியே சொல்கிறது: குதிரையைத் தாண்ட குறைந்தது 2 மீட்டர் இடைவெளி, வேகம் மணிக்கு 10 மைலுக்குள், அதாவது சுமார் 16 கிலோமீட்டர். எதிரே வண்டி வந்து அவ்வளவு இடம் கிடைக்கவில்லையா? பின்னாலேயே மெதுவாக, தள்ளி வாருங்கள்.

* தாண்டியவுடன் 'விர்ர்' என்று முறுக்காதீர்கள். பாதி விபரீதம் அப்போதுதான் நடக்கும்.

* இரண்டு குதிரை ஜோடியாக வந்தால் நடுவில் புகாதீர்கள். பழகின குதிரையைப் பக்கத்தில் நடக்கவிட்டு இளசுக்குத் தைரியம் சொல்லித் தருவது வழக்கம். நீங்கள் நடுவே புகுந்தால் அதன் தைரியமே போச்சு!

* மழைக்கோட்டு படபடப்பு, ஹேண்டில்பாரில் ஆடும் பிளாஸ்டிக் பை, செல்போன் ஃபிளாஷ் - மூன்றுமே அதற்குப் பேய்.

பிய்த்துக்கொண்டு ஓடினால்?

துரத்தாதீர்கள்! இளவட்டங்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான். 'பிடிச்சுத் தரலாமே' என்று நல்ல மனசோடுதான் நாலு பைக் விரட்டும். குதிரைக்கு அது நாலு புலி. ஓட்டம் இரட்டிப்பாகும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குதிரைக்காரருக்கு வழி விடுங்கள். எதிரே போய்க் கையை ஆட்டி மறிக்கவும் வேண்டாம். ரேக்ளா வண்டியோடு விசிலடித்துக்கொண்டு கூடவே பைக்கில் பறக்கும் நண்பர்களுக்கும் இதே பாடம்தான்.

சட்டமும் குதிரை பக்கம்!

நிறைய பேருக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 132. வண்டியைப் பார்த்துத் தன் பிராணி மிரண்டுவிடும் என்று பயந்து அதன் பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால், டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும். பைக்கானாலும் சரி, பதினாறு சக்கர டிரெய்லரானாலும் சரி! ஆகவே குதிரைக்காரர் கையைக் காட்டினால், "யோவ், ரோடு உங்கப்பன் வீட்டதா?" என்று எகிறாதீர்கள். சட்டப்படி நிற்க வேண்டியவர் நீங்கள்தான்.

'யானைக்கு ஆயிரம் முழம், குதிரைக்குப் பத்து முழம்' என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள் பெரியவர்கள். இன்றைய டிராஃபிக்கில் பத்து முழத்துக்கு எங்கே போவது? இரண்டு மீட்டர் இடமும், இரண்டு நிமிஷப் பொறுமையும் போதும். ஒருமுறை பயமில்லாமல் பைக்கைக் கடந்த இளங்குதிரை, அடுத்து வருகிற பைக்குக்கு அவ்வளவாக மிரளாது. அதற்குப் பாடம் நடத்துவதில் குதிரைக்காரருக்குப் பாதிப் பங்கு என்றால், ரோட்டில் போகிற நமக்கு மீதிப் பங்கு!