போதும் என்னும் ஆணை

நுழையும்முன்

பகையை எதிர்க்கும் ஆற்றல் உடலைக் காக்கிறது. அந்த எதிர்ப்பை உரிய வேளையில் நிறுத்தும் ஆற்றலும் உடலைக் காக்கிறது. முன்னதைப் பலரும் அறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே. நிறுத்தும் பணியை ஆற்றும் மனித மரபணு ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆறும் மதகும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் அங்கு மேலணையை அமைத்தார். பாசனத்திற்கு வேண்டிய நீரைக் காவிரியில் விட்டு, மிகுதி வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் செலுத்துவது அவ்வணையின் பணி. 2018 ஆகஸ்டு 22 அன்று கொள்ளிடப் பகுதியின் ஒன்பது மதகுகள் உடைந்தன. நீர் கட்டின்றிப் பாய்ந்தது. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் இட்டு உடைப்பை அடைக்க வேண்டியதாயிற்று. நீரைத் தருவது ஆறு. அதை அளவுபடுத்துவது மதகு. காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கங்களில் வாய்க்கால் நீரைக் கொண்டு பயிர் செய்த உழவர் இதனை நன்கறிவர். மடையைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அடைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நம் உடலின் செல்களும் இவ்விரண்டையும் அறிந்தவை.

செல்கள் பேசும் மொழி

வைரஸ் ஒன்று செல்லுக்குள் நுழைந்தால், அச்செல் சிறு புரதங்களை வெளியிட்டு அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. செல்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் இத்தகைய புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். இன்டர்பெரான், இன்டர்லூகின் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

சைட்டோகைன் அண்டைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் சென்று பொருந்துகிறது. உடனே ஏற்பியின் உட்புறம் இணைந்திருக்கும் ‘ஜாக்’ என்னும் நொதிகள் விழித்தெழுகின்றன. அவை ‘ஸ்டாட்’ என்னும் புரதங்களில் பாஸ்பேட்டை இணைக்கின்றன. பாஸ்பேட்டு பெற்ற ஸ்டாட் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, பாதுகாப்பிற்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. இவ்வாறு வாயிலில் வந்த செய்தி உட்கருவில் ஆணையாக மாறுகிறது.

தடுக்கும் மரபணு

அவ்வாறு இயக்கப்படும் மரபணுக்களுள் ஒன்று சாக்ஸ்-1. சைட்டோகைன் செய்தியை ஒடுக்குவது என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். இது மனிதரின் 16ஆவது குரோமோசோமில் உள்ளது. இது உருவாக்கும் புரதம் 211 அமினோ அமிலங்களால் ஆனது.

சாக்ஸ்-1 புரதம் இரண்டு வழிகளில் செயல்படுகிறது. முதலாவதாக, ஜாக் நொதியின் வேலை நடைபெறும் இடத்தில் தானே சென்று பொருந்தி அதன் செயலைத் தடுக்கிறது. இரண்டாவதாக, செய்தியைக் கடத்தும் புரதங்களை அழிவுக்கு உரியனவாக அடையாளமிட்டுச் சிதைவுக்கு அனுப்புகிறது. ‘போரிடு’ என்னும் ஆணையே, ‘போதும்’ என்னும் ஆணையையும் பிறப்பிக்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. அறிவியலார் இதனை எதிர்மறைப் பின்னூட்டம் என்பர்.

தெரிந்து தெளிவோம்

ஜாக் என்னும் பெயரின் முதற்பகுதி, ஜேனஸ் என்னும் உரோமானியக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. ஜேனஸ் வாயில்களுக்குரிய, இருமுகம் கொண்ட கடவுள்.

தடை இல்லையேல்

1997இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவும் ஜப்பானில் இரு குழுக்களும் தனித்தனியே ஆராய்ந்து இம்மரபணுவைக் கண்டறிந்தன. பின்னர், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்து மூன்று வாரங்களுக்குள் இறந்தன. அவற்றின் கல்லீரல் சிதைந்திருந்தது. பல உறுப்புகளில் அழற்சி பரவியிருந்தது. காமா இன்டர்பெரானையும் உடன் நீக்கியபோது எலிகள் அந்த இளஞ்சாவிலிருந்து தப்பின. அவற்றைக் கொன்றது நோய்க்கிருமியன்று, அடங்காத பாதுகாப்பே.

மனிதரிடமும் இத்தகைய நிலை உண்டு. சாக்ஸ்-1 மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதுற்றவர்களுக்கு, உடலைத் தன் படையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் இளமையிலேயே தோன்றக்கூடும் என 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

பெருந்தொற்று தந்த பாடம்

கொரோனாத் தொற்றில் கடுமையாக நலிவுற்ற பலருக்கு, வைரஸுடன் உடலின் அளவு மீறிய அழற்சியும் நுரையீரலைச் சிதைத்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் பேராய்வு ஒன்று, டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்தின் பயனை அறிவித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதனால் பயன் இல்லை.

மறுபக்கமும் விரைவில் தெரிந்தது. 2021இன் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. கட்டுப்படாத நீரிழிவும், ஸ்டீராய்டுகளின் முறையற்ற பயன்பாடும் அதற்கு முதன்மைக் காரணங்களாக மருத்துவர்களால் சுட்டப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. தடை குறைந்தால் அழற்சி; தடை மிகுந்தால் தொற்று.

காசநோய்க் கிருமி இவ்வுண்மையைத் தனக்கு ஆக்கமாக்கிக்கொள்கிறது. தான் புகுந்த செல்லில் சாக்ஸ்-1இன் அளவை உயர்த்தி, எதிர்ப்பை மந்தமாக்குகிறது. மருத்துவமும் இவ்வழியைக் கற்றிருக்கிறது. முடக்குவாதத்திற்குத் தரப்படும் பாரிசிட்டினிப் என்னும் மருந்து, ஜாக் நொதியைத் தடுப்பதன் வாயிலாகவே அழற்சியைத் தணிக்கிறது. இம்மருந்து கொரோனாச் சிகிச்சையிலும் பயன்பட்டது.

அளவே நலம்

அளவு கூடினாலும் குறைந்தாலும் உடல் நலிவுறும் என்னும் கருத்துடனேயே திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தொடங்குகிறது. வள்ளுவர் உடலின் இயல்பை நோக்கிக் கூறிய அவ்வுண்மையை, இன்றைய அறிவியல் செல்லின் உட்கருவில் காண்கிறது. ‘நோயெதிர்ப்பை மிகுவிக்கும்’ என விளம்பரப்படுத்தப்படும் பொருள்களையும், மருத்துவர் அறிவுரையின்றி வாங்கப்படும் ஸ்டீராய்டுகளையும் இவ்வறிவுடன் நோக்குதல் நம் கடமை. நலம் என்பது மிகுந்த ஆற்றலன்று, அளவறிந்த ஆற்றலே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, வாய்க்கால் அல்லது அணையில் நீரை அளவுபடுத்தும் அமைப்பைக் கண்டு, அதனைச் சாக்ஸ்-1 மரபணுவின் செயலோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. ‘எதிர்ப்பாற்றல் எவ்வளவு மிகுந்தாலும் நன்மையே’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.