புயலுக்கு முன்பே பலி வாங்கிய சாலை

2005 செப்டம்பர். கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மெக்சிகோ வளைகுடாவில் ரீட்டா என்ற அடுத்த சூறாவளி. ஹூஸ்டன் நகரமே அரண்டுபோனது.

கடலோரத்தினர் வெளியேறுங்கள் என்றுதான் உத்தரவு. ஆனால், கத்ரீனா வெள்ளத்தில் கூரைமேல் நின்று கையசைத்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்கள், கரையிலிருந்து தொலைவில் இருந்தவர்களும்கூட, காரைக் கிளப்பிவிட்டார்கள். ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில்! நெரிசல் 160 கிலோமீட்டர் நீண்டது. கொளுத்தும் வெயில். பெட்ரோலை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்தினார்கள். வழியில் பம்புகள் வறண்டுகிடந்தன. டல்லஸ் அருகே முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். இந்த வெளியேற்றத்தில் மட்டும் பறிபோன உயிர்கள் ஏறக்குறைய நூறு.

ரீட்டாவோ டெக்சாஸ்–லூசியானா எல்லையருகே கரையேறியது. ஹூஸ்டன் பெரும்பாலும் தப்பியது.

அதன் பிறகு அஞ்சல் குறியீட்டு எண்படி வெளியேற்ற மண்டலங்களை வகுத்தார்கள். கடல் பொங்கி உள்ளே வரக்கூடிய தாழ்வான பகுதியினர் முதலில் கிளம்பவேண்டும். மற்றவர்கள் சாலையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். 2017இல் ஹார்வி சூறாவளி வந்தபோது ஹூஸ்டன் மேயர் வெளியேற்ற உத்தரவே போடவில்லை. ரீட்டாவின் நினைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கரையோர நகரத்தில் வசிப்பவரா நீங்கள்? உங்கள் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைப் புயல் இல்லாத இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.