கம்ப்யூட்டருக்குச் சோறு போடும் பெட்டி!

செல்வங்களே! கம்ப்யூட்டரின் மூளை எது என்று கேட்டால், "பிராசசர், டீச்சர்!" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவீர்கள். எல்லாவற்றையும் சேமித்து வைப்பது எது? "ஹார்டு டிஸ்க்!" அதையும் சொல்லிவிடுவீர்கள். சரி, இவற்றுக்கெல்லாம் சோறு போடுவது எது? பார்த்தீர்களா, வகுப்பே அமைதியாகிவிட்டது!

வெட்கப்பட வேண்டாம். 2006-ஆம் ஆண்டு வரை எனக்கும் தெரியாது. நான் தெரிந்துகொண்டது ஒரு வெடிச் சத்தத்தில்தான்.

அப்போது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். நல்ல மனிதர் ஒருவர் எங்கள் பள்ளிக்குத் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார். ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தோம். நான்கு நான்கு பேராக, பத்து நிமிடம் மட்டும் உட்காரலாம். தன் முறை எப்போது வரும் என்று பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு திங்கள்கிழமை காலை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசையோடு ஓடிப் போய்ச் சுவர் ஸ்விட்சைப் போட்டான்.

படார்!

கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று புகை. அறை முழுவதும் கருகல் நாற்றம். பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னடா செய்தே?" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணும் செய்யலை டீச்சர். ஸ்விட்சைத்தான் போட்டேன்."

யார் நம்புவது? தலைமையாசிரியர் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். கேபினட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தவர், திறக்கக்கூட இல்லை. "டீச்சர், இந்தச் சிவப்பு ஸ்விட்சைத் தள்ளினது யாரு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை தூசி துடைக்கும்போது, பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்ததைப் பார்த்தேன். ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இருக்கும், குறைவாக வைத்தால் கரண்ட் மிச்சம் என்று நினைத்து, பேனா முனையால் 115-க்குத் தள்ளியது சாட்சாத் நான்தான்!

அந்த ஸ்விட்ச் இருந்த பெட்டிதான் நம் கதாநாயகன். கடைகளில் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்பார்கள். கம்ப்யூட்டரின் பின்னால் கரண்ட் ஒயர் செருகுகிறோமே, அந்த இடத்தில் விசிறியோடு இருக்கும் இரும்புப் பெட்டி.

அது என்ன செய்கிறது? செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அடுத்த விடுமுறையில் வாருங்கள். (2025-இல் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துவிட்டது, தெரியுமா?) அந்த மகாலின் மாடிகளுக்கு அந்தக் காலத்திலேயே மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் குழாய் தாங்குமா? அளவாக வர வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட்தான். மேலும், நம் வீட்டு மின்சாரம் ஊஞ்சல் மாதிரி நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வரும். கம்ப்யூட்டருக்கு ஊஞ்சல் ஆகாது. ஒரே திசையில் சீராகப் பாய வேண்டும்.

பழைய டேப் ரிக்கார்டருக்கு எலிமினேட்டர் என்று ஒன்று இருக்கும். தாத்தாவைக் கேளுங்கள். சின்னதாக இருந்தாலும் கல் மாதிரி கனக்கும். ஊஞ்சல் மெதுவாக ஆடினால், வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது தெரியுமா? ஊஞ்சலை முதலில் நிறுத்தி மின்சாரத்தை நேராக்கிக்கொள்கிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அவ்வளவு வேகத்தில் வெட்டினால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிரான்ஸ்ஃபார்மரே போதும்! இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கும்.

பெட்டியிலிருந்து வரும் ஒயர்களுக்கு நிறக் கணக்கு உண்டு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு திரும்பும் வழி. எனக்கு மிகவும் பிடித்தது சாம்பல் நிற ஒயர். எல்லா வோல்ட்டும் சரியான அளவுக்கு வந்த பிறகுதான் அது மதர்போர்டுக்குச் செய்தி சொல்லும். 'சாப்பாடு தயார், இலையில் உட்காரலாம்' என்று அம்மா கூப்பிடுவது போல! அதற்குப் பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும்.

சரி, ஏன் வெடித்தது? பெட்டிக்குள் கெபாசிட்டர் என்ற உருளைகள் உண்டு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குளங்கள். எங்கள் பெட்டியில் பெரிதாக இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 200 வோல்ட் வரைதான் தாங்கும். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரம் ஊஞ்சலின் உச்சியில் 325 வோல்ட்டைத் தொடும். ஸ்விட்ச் 230 பக்கம் இருந்தால், அந்த மூட்டையை இரண்டு கெபாசிட்டர்களும் சேர்ந்து சுமக்கும். ஆளுக்கு 163 வோல்ட் அளவுதான், கவலையில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு மின்சாரமே ஏறக்குறைய பாதிதான். அங்கே ஸ்விட்சை 115-க்குத் தள்ளுவார்கள். அப்போது ஆளுக்கு ஒரு முழு மூட்டை. மூட்டை சிறியதால் அதுவும் சரிதான். நான் செய்ததோ, நம் ஊர்ப் பெரிய மூட்டையை ஆளுக்கு ஒன்றாகத் தலையில் ஏற்றியது! 200 தாங்குகிறவன் தலையில் 325. படார்தானே?

"அந்தப் பையன் மேல தப்பே இல்லை டீச்சர்" என்றார் பழைய மாணவர்.

வெளியே எட்டிப் பார்த்தேன். முந்தின நாளைப் போலவே, யாரும் சொல்லாமலேயே அவன் வாசல் தூணருகே வந்து நின்றுகொண்டிருந்தான். தலைமையாசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிறகு பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் அவனிடம், "தப்பு செஞ்சது நான்தான் கண்ணு, என்னை மன்னிச்சுடு" என்றேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? "அப்ப நான் உள்ள வரலாமா டீச்சர்?"

அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

புதுப் பெட்டி வாங்கப் பள்ளியில் இருந்தது 500 ரூபாய். மறுவாரம் பழைய மாணவர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்று 350 ரூபாய், அதன் மேல் கொட்டை எழுத்தில் '450 வாட்'. இன்னொன்று 1,100 ரூபாய், அதில் '300 வாட்'.

"இதென்னப்பா, 450-க்கு 350 ரூபாய், 300-க்கு 1,100 ரூபாயா?" என்றேன்.

அவர் பேசவில்லை. 350 ரூபாய்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பொடி எழுத்துச் சீட்டைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 வோல்ட்டுக்கு 12 ஆம்பியர், ஆக 144. 5 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், ஆக 80. 3.3 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர், ஆக 46.2. கூட்டினால் 270.2 வாட்! மீதி ஒயர்களில் வருவது கொசுறு. மேலே 450 என்று போட்டிருப்பது வெறும் பேச்சு.

"எங்க கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேணும்?" என்று நம் ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். நல்ல கேள்வி! பிராசசர், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ், விசிறி எல்லாம் சேர்த்தால் 130 வாட் தாண்டாது என்று கணக்குப் போட்டார்.

"அப்ப 270 போதுமே அண்ணா?"

"போதும்தான். ஆனா முகத்திலேயே பொய்யை எழுதி ஒட்டினவன், உள்ள எழுதின 270-ஐ மட்டும் ஒழுங்கா குடுப்பானா?"

பிறகு இரண்டு பெட்டிகளையும் என் உள்ளங்கைகளில் வைத்தார். 350 ரூபாய்ப் பெட்டி பஞ்சு போல இருந்தது. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு மெல்லியது, ஒயர் மெல்லியது, திடீர் மின் ஏற்றத்தை வடிகட்டும் சுருள்களே இல்லை. இவையெல்லாம் இல்லாததால்தான் விலை குறைவு. (எடையைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று தெரிந்து, உள்ளே சும்மா இரும்புத் துண்டை வைத்துக் கனமாக்கும் போலிகளும் உண்டாம். எனவே எடையை மட்டும் நம்பாதீர்கள்.) நல்ல பெட்டி பழுதானால் தானாக நின்றுவிடும். மட்டமான பெட்டி சாகும்போது அதிக வோல்ட்டை உள்ளே அனுப்பி, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நீங்கள் வரைந்த படங்களும் அதோடு போச்சு!

1,100 ரூபாய்ப் பெட்டியையே வாங்கினோம். பள்ளிப் பணம் போக மீதி 600 என் கைக்காசு. என் பேனாவுக்கு நான் கட்டிய அபராதம்.

இப்போது வாங்குவதானால் சிவப்பு ஸ்விட்ச் பற்றிய பயம் அநேகமாக இல்லை. பெரும்பாலான புதுப் பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்கின்றன. '80 பிளஸ்' என்ற முத்திரை 2004 முதல் வருகிறது. இழுக்கும் மின்சாரத்தில் 100-க்கு 80 பங்காவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும், வெப்பமாக வீணாவது குறைவு என்று அதற்குப் பொருள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேம் விளையாடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்டு அப்பாவை நச்சரிக்கிறீர்களா? அது ஒன்றே 150 வாட்டுக்கு மேல் சாப்பிடக்கூடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு நச்சரியுங்கள்!

மாட்டுகிற வேலையை எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நீங்களும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும். முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பெரும்பள்ளம் உண்டு. அதன்மேல் இருந்த பாலத்தை எடுத்துவிட்டால் எதிரியால் தாண்ட முடியாது. கதவைச் சாத்துவதைவிடப் பாலத்தை எடுப்பது மேல் அல்லவா? சில வீடுகளில் ஸ்விட்ச் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்.

அடுத்து, எந்த ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்துகொள்ளுங்கள். இப்போதுதான் செல்போன் இருக்கிறதே, போட்டோவே எடுக்கலாம். மதர்போர்டில் 24 முனை கொண்ட பெரிய இணைப்பு, பிராசசருக்கு அருகே சின்ன இணைப்பு, பிறகு ஹார்டு டிஸ்க். பக்கத்தில் இருக்கும் கொக்கியை அழுத்திக்கொண்டு இழுத்தால் வரும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்பக்கம் நான்கு திருகுகள். அவ்வளவுதான், பெட்டி கையோடு வந்துவிடும். புதியதை அதே இடத்தில் வைத்து, படத்தைப் பார்த்துச் செருக வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், திருப்பிப் பாருங்கள்.

எங்கள் பழைய பெட்டியின் விசிறியில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன! உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் துடித்தார்கள். பழைய மாணவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். மழை நின்றாலும் குளத்தில் தண்ணீர் கிடக்குமே? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரிக்கவே கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஐப்பசியில் இடி இடிக்கும்போதும் பாலத்தை எடுத்துவிடுங்கள். புரிகிறதல்லவா, பிளக்கைத்தான் சொல்கிறேன்.

கடைசித் திருகை அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான் முடுக்கினான். சுவர் ஸ்விட்சையும் அவனே போட்டான். நான் இரண்டடி தள்ளியே நின்றேன்!

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் இருக்கும். அவையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தம்பிகள்தான். பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, பொடி எழுத்தைப் படித்துப் பெருக்கிப் பாருங்கள். என் பேத்தியின் லேப்டாப் அடாப்டரில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருக்கிறது. அது எத்தனை வாட்?