ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றில் எவ்வளவு சர்க்கரை குறையும்?

‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சோற்றை விட முடியவில்லை. வடித்த சோற்றை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று வீடியோவில் சொல்கிறார்களே, நிஜமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது இந்தக் கேள்வி இல்லாத நாளே இல்லை.

ஏறாது என்பது பொய். சற்றுக் குறைவாக ஏறும் என்பது மெய். அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதைப் பிறகு கணக்குப் போடலாம். ஏன் குறைகிறது என்பது அதைவிடச் சுவையான சங்கதி.

முதலில் ஃப்ரிட்ஜிலிருந்து அந்தச் சோற்றை எடுத்துப் பாருங்கள். நேற்று மதியம் குழைவாக இருந்தது, இன்று பாத்திரத்தின் வடிவத்திலேயே கட்டியாக வந்து விழும். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு பருக்கையை வைத்து நசுக்கினால் மசியாது, உதிரும். ‘சோறு விறைச்சுப் போச்சு’ என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். ஃப்ரைடு ரைஸ் கடைக்காரர்கள் ஆறிய சோற்றைத் தேடுவதும் இதற்காகத்தான். வாணலியில் பொலபொலவென்று நிற்கும். வெறுமனே ஈரம் காய்ந்ததால் வந்த விறைப்பு இல்லை இது. மூடி வைத்தாலும் விறைக்கும். உள்ளே மாவுச்சத்து தன்னைத்தானே மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறது.

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு ரகம் உண்டு. அமைலோஸ் கிளையில்லாத நீளச் சங்கிலி. அமைலோபெக்டின் கிளை மேல் கிளை விட்டது. ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாகக் கிடையாது. நாம் சாப்பாட்டுக்கு வடிக்கிற அரிசிகள் பலவற்றில் அது 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வேகாத அரிசிக்குள் மாவுச்சத்து அடுக்கி வைத்த நாற்காலி. அடுக்கில் யாரும் உட்கார முடியாது. உலையில் போட்டதும் தண்ணீரும் சூடும் சேர்ந்து அடுக்கைப் பிரித்து மண்டபம் முழுக்க இறைத்துவிடுகின்றன. இப்போது அமைலேஸ் நொதிகள் விருந்தாளிகளாக வருகின்றன. எச்சிலிலிருந்து கொஞ்சம், கணையத்திலிருந்து பெருங்கூட்டம். காலி நாற்காலி கண்ட இடத்தில் எல்லாம் உட்காருகின்றன. உட்கார்ந்த இடத்தில் சங்கிலி அறுந்து, கடைசியில் குளுக்கோஸாக ரத்தத்துக்குப் போகிறது. சுடச்சுடச் சோறு என்பது இப்படி இறைந்து கிடக்கும் மண்டபம்.

சாப்பிடாமல் ஆறவிட்டால்? விருந்தாளி வருவதற்கு முன்பே பையன்கள் நாற்காலியை மறுபடி அடுக்கத் தொடங்குகிறார்கள். கைப்பிடி இல்லாத நேரான நாற்காலி, அதாவது அமைலோஸ், சில மணி நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக இறங்கிவிடும். கைப்பிடி வைத்த அமைலோபெக்டின் நாற்காலிகள் இடித்துக்கொண்டு நிற்கும். நாட்கணக்கில் மெதுவாக, தொளதொளவென்று அடுக்காகும். மறுநாள் சூடு பண்ணுவது இரண்டாம் விசேஷம். தொளதொள அடுக்கு 60 டிகிரிக்குள்ளேயே பிரிந்துவிடும். இறுகிப்போன அமைலோஸ் அடுக்கு பிரிய 120 டிகிரியைத் தாண்ட வேண்டும், சில சமயம் 150 வரைகூட. விசில் அடிக்கும் பிரஷர் குக்கருக்குள்ளேயே 120-ஐ ஒட்டித்தான் சூடு. ஆகவே சோற்றை ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அந்த அடுக்கு அசையாது. ஆறியதையே விறைப்போடு தின்ன வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிரியாத அடுக்கு சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நாற்காலியையே தின்கிற பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. அது குடல்சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தரும், கூடவே கொஞ்சம் வாயுவையும். இதற்கு மேல் இழுத்தால் மண்டபக்காரர் வாடகை கேட்பார்.

இனி கணக்கு. இந்தோனேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அளந்து வெளியிட்டார்கள். அப்போது வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம். வெளியில் பத்து மணி நேரம் ஆறியதில் 1.30 கிராம். நான்கு டிகிரியில் ஒரு நாள் வைத்துச் சூடு செய்ததில் 1.65 கிராம். வீடியோக்காரர்கள் இதைத்தான் ‘இரண்டரை மடங்கு’ என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து மொத்தம் 28 கிராம் அளவில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் அதில் பூட்டியது ஒரே ஒரு கிராம். தட்டில் 300 கிராம் சோறு போட்டுக்கொள்பவருக்கு மூன்று கிராம் மிச்சம்; டீயில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைவிடக் குறைவு.

அதோடு முடித்துவிட்டால் அநியாயம். அதே ஆய்வில் 15 பேருக்கு இரண்டு சோற்றையும் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்தது. ஒரு கிராம் பூட்டியதற்கு இது அதிகம். முழுதாகப் பூட்டப்படாத பகுதியும் இறுகிப்போய் மெதுவாகச் செரித்திருக்கலாம். மெதுவாகச் செரித்தால் உச்சம் தாழும். ஆனால் அந்தப் 15 பேரும் சர்க்கரை நோய் இல்லாதவர்கள்.

நோய் உள்ளவர்களை வைத்துப் போலந்தில் பார்த்தார்கள். டைப் 1 நோயாளிகள் 32 பேர். முடிவு 2022-இல் வந்தது. ஆற வைத்துச் சூடு செய்த சோற்றில் சர்க்கரையின் உச்சம் குறைந்தது உண்மை. கூடவே, வழக்கமான இன்சுலின் அளவையே போட்டுக்கொண்டதால் தாழ்சர்க்கரை ஏற்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. வீடியோக்களில் இந்தப் பாதி வருவதில்லை.

வீடியோ வருவதற்கு முன்பே செய்தித்தாள்கள் இதே வேலையைச் செய்திருக்கின்றன. 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில், கொழும்பு வேதியியல் கல்லூரி மாணவர் சுதேர் ஜேம்ஸ் ஒரு முறையைச் சொன்னார். உலைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, அரை கப் அரிசியை 40 நிமிடம் வேகவைத்து, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை என்றார். எண்ணெய் விடுவதில் தர்க்கம் உண்டு. அமைலோஸின் சுருளுக்குள் கொழுப்பு புகுந்தால் நொதிக்கு அங்கே இடமில்லை. ஆனால் நல்ல ரகம் கிடைத்து எல்லாம் கூடிவந்தால் கலோரி 50 முதல் 60 சதவீதம் குறையலாம் என்ற எதிர்பார்ப்பை, உலகப் பத்திரிகைகள் ‘பாதிக் கலோரி சோறு’ என்று தலைப்பிட்டு விற்றுவிட்டன. இன்றைக்கு ‘சுகர் குறைக்கும் குக்கர்’ விற்பவர்களுக்கு அந்தத் தலைப்புகள்தாம் மூலதனம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: நோயாளியின் தட்டிலிருந்து மாவுப் பண்டத்தைப் பிடுங்குவது 1797-லேயே ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் செய்தது. இன்சுலின் 1922-இல் மனிதருக்குப் போடப்பட்டது. எந்த உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றும் என்ற கிளைசீமிக் குறியீட்டை டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-இல் தந்தது. போதும்.

சோற்றை விட்டுவிட்டு ராத்திரி மூன்று சப்பாத்தி, காலையில் ராகிக் கஞ்சி என்று மாறியவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் சொன்ன ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, 2025-இல் உணவுக் கணக்கை வெளியிட்டது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றிக்கொண்டதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் வகைப் புரதத்தை ஏற்றியபோதுதான் குறைவு தெரிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய தானியம், எந்தப் பெயர் வைத்தாலும், செரிக்கத் தயாராக வந்து நிற்கிறது. நம் சாப்பாட்டில் சோறு நடுவில் மலையாகவும், கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ளவும் என்று இருக்கிறதே, அதைத் தலைகீழாக்குவதுதான் கஷ்டம். அதைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோவை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

புழுங்கலரிசிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்துக் காயவைக்கும்போதே பிரிப்பதும் அடுக்குவதும் ஆலையிலேயே ஒரு தடவை நடந்துவிடுகிறது. பச்சரிசியைவிட அது பல சோதனைகளில் மெதுவாகச் செரித்திருக்கிறது. ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு என்பதால் மூட்டைமீது ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சடித்தவரை நம்ப வேண்டாம்.

ஆற வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலைக்கொதிக்கும் சாகாது. சோற்றை மணிக்கணக்கில் வெளியில் விட்டால் அது பெருகி வாந்தி உண்டாக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

வாசகிக்கு என் பதில் இதுதான். ஆசையாக இருந்தால் ஃப்ரிட்ஜ் சோற்றைச் சாப்பிடுங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் புதுச் சோறு, ஒரு நாள் ஆறிய சோறு, இரண்டையும் ஒரே அளவு, ஒரே குழம்போடு சாப்பிட்டு, சாப்பிடுமுன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். உங்கள் உடம்பில் எவ்வளவு குறைகிறது என்பது நான்கு ஸ்ட்ரிப் செலவில் ஓரளவு தெரிந்துவிடும். இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவரானால், சோதனையைத் தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.