எஞ்சினுக்கும் நாடி உண்டு

வீட்டில் ஒருவருக்குச் சுரம் கண்டால் வைத்தியரை அழைக்கிறோம். அவர் வந்து நாடியைப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார். அதற்குப் பிறகுதான் மருந்து எழுதுகிறார். நாடியைத் தொட்டுப் பாராமலே மருந்து எழுதும் வைத்தியரை மறுநாள் நம் வீட்டு வாசற்படி ஏற விடமாட்டோம். ஆனால் மோட்டார் வண்டிக்கு நோய் கண்டால் மட்டும் இந்த விவேகம் நம்மை விட்டு எங்கேயோ போய்விடுகிறது! பட்டறைக்குள் நுழைந்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பட்டறைக்காரரும் மனிதர்தானே? கேட்ட கேள்விக்கு விடையாக ஒரு பெரிய தொகையைச் சொல்லி வைக்கிறார். "என்ன கெட்டிருக்கிறது?" என்ற கேள்வியோ கேட்கப்படாமலே போய்விடுகிறது.

பணம் தாராளமாக உள்ளவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கும், வண்டியை ஓட்டியே வயிறு வளர்க்கிறவர்களுக்கும் இது ஜீவாதாரமான விஷயம். குறைந்த செலவில் எஞ்சினைச் சீர்படுத்துவது என்றால் மலிவான சாமான்களை வாங்கிப் போடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்னும் வரிசை தெரிந்திருப்பதே சிக்கனம்.

உதாரணத்துக்கு, நம் எல்லோருக்கும் பழக்கமான அம்பாஸடர் வண்டியையே எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த இது, கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் பல பத்தாண்டுகள் தயாராயிற்று. 2014-ஆம் வருஷத்தில் உற்பத்தி நின்றது. ஆயினும் பழைய வண்டிகள் அங்கங்கே ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. நெடுங்காலம் அதில் இருந்தது 1489 சி.சி. அளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கீழே பிளாக்கும் வார்ப்பிரும்பு. அதன்மேல் மூடி போல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பழகுவதற்கு இதைவிடச் சாதுவான யந்திரம் கிடைப்பது அரிது.

இந்தச் சாதுவுக்கு ஆகாத ஒன்று உண்டு; அது மிதமிஞ்சிய உஷ்ணம். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதன் வேலை சாமான்யமானதன்று. சிலிண்டருக்குள் எரியும் நெருப்பு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், உராய்வைத் தடுக்கும் எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் அது காவல் காக்கிறது. ரேடியேட்டர் ஒழுகித் தண்ணீர் வற்றிப் போனால், உஷ்ணத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. "இன்னும் நாலு மைல்தானே!" என்று ஓட்டுகிறவர் தொடர்ந்து ஓட்டுகிறார். அந்த நாலு மைலில் ஹெட் வளைந்து போகிறது, கேஸ்கெட் கருகுகிறது, காவல் உடைகிறது.

காவல் உடைந்ததற்கு அடையாளங்கள் உண்டு. தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வரும். எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் கிளம்பும். தண்ணீரும் எண்ணெயும் கலந்தால், எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் விட்ட காப்பியைப் போன்ற குழம்பு ஒட்டிக் கொள்ளும். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை தெரிந்தால் பயப்படத் தேவையில்லை; குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் குளிர் காலத்தில் அது சகஜம். எதைப் பார்ப்பதானாலும் எஞ்சின் சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரில் பழைய அம்பாஸடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வந்தவருக்கு இந்த ஆபத்து நேர்ந்தது. மகளுக்குக் கல்லூரியில் சம்பளம் கட்ட வேண்டிய மாதம் அது. வண்டி வழியில் கொதித்து நின்றுவிட்டது. முதலில் பார்த்த பட்டறையில், "எஞ்சின் போய்விட்டது, வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவர் மனைவியின் சங்கிலியை அடகுக் கடைக்கு எடுத்துப் போகத் தயாராகிவிட்டார். போகும் வழியில், ஓய்வு பெற்ற ஒரு கிழ மெக்கானிக்கிடம் தம் துயரத்தைச் சொல்லி அழுதார்.

"அவசரப்படாதே, தம்பி! முதலில் கேட்டுப் பார்ப்போம்" என்றார் கிழவர்.

"யாரைக் கேட்பது, அண்ணே?"

"எஞ்சினைத்தான்!"

எஞ்சினைக் கேட்கும் முறை இதுதான். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகள் சாதாரண நிறத்தில் இருந்தன. ஒன்று மட்டும் தண்ணீரால் கழுவியது போலிருந்தது. பிறகு, அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துவாரத்திலும் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தச் சொல்லி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றினார். முதலாவது, நான்காவது சிலிண்டர்களில் முள் நன்றாக ஏறிற்று. நடுவிலுள்ள இரண்டிலும் பாதிகூட ஏறவில்லை. அந்த இரண்டிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தார். அப்போதும் ஏறவில்லை.

இதன் பொருள் என்ன? எண்ணெய் விட்டதும் அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். எண்ணெய் அந்தச் சந்தைச் சற்று நேரம் அடைத்துக் கொள்கிறது. உயராமற் போனால், குற்றம் வால்வில் இருக்கலாம், அல்லது கேஸ்கெட்டில் இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் தளர்ந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அதோடு, பிளக்கில் தண்ணீரின் சாட்சியமும் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கு மத்தியில் தகடு கருகி வழிவிட்டிருந்தது. கெட்டது எஞ்சின் அன்று, ஒரு தகடுதான்!

ஆனால் தகட்டை மாற்றினால் மட்டும் போதாது. தகடு ஏன் எரிந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஹெட்டின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து, நேரான இரும்புப் பட்டையை அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி வாங்க வேண்டும். சீவுவதற்கு முன்பே வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது புத்திசாலித்தனம். வெடித்த ஹெட்டைச் சீவுவது விழலுக்கு இறைத்த நீர். வால்வுகள் சரியாக மூடுகின்றனவா என்று அறிய, ஹெட்டிலுள்ள வழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும். கசிந்தால் பசை தடவித் தேய்த்துப் படிய வைக்கலாம். சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் வருடினாலே, தேய்மானம் விளிம்பாகத் தட்டுப்படும். கீழ்ப்பாகத்தின் நிலையை அறிய, வடித்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் உலோகப் பொடி மிதந்தால் பேரிங்குகள் அரைபடுகின்றன என்று அர்த்தம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று இப்போது பார்ப்போம். கழற்றுவது, கரி சுரண்டுவது, கழுவுவது முதலிய வேலைகளை நாமே செய்யலாம், கூலி மிஞ்சும். ஒழுகும் பித்தளை ரேடியேட்டரை எறிய வேண்டாம். ஈயம் வைத்து அடைக்கலாம். கிராங்க் ஷாப்டில் கீறல் விழுந்திருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. 10, 20, 30 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கடைந்து, அதற்கேற்ற பேரிங்குகளைப் போடலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லையானால் ஸ்லீவ் இறக்கலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பழைய கேஸ்கெட்டில் பசை தடவி மறுபடியும் போடுவது மகா பாவம். எண்ணெயும், எண்ணெய் வடிகட்டியும் புதியனவாகவே இருக்க வேண்டும்; தண்ணீர் கலந்த பழைய எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஹெட்டின் நட்டுகளைக் கைபோன போக்கில் முறுக்கக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணையாக, அளவு காட்டும் டார்க் ரெஞ்சினால் முறுக்க வேண்டும். அந்தக் கருவி சொந்தமாக இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். இரவல் வாங்குவதில் வெட்கமில்லை. இரண்டாம் தடவை ஹெட்டைக் கழற்றுவதில்தான் வெட்கம். இவ்வகைப் பழைய எஞ்சின்களில், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் சரிபார்த்து, வால்வு இடைவெளியையும் திருத்த வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எந்த எஞ்சினையும் பிழைக்க வைத்துவிடலாம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக் கொண்டு வெளியே வந்துவிட்டால், வேறு எஞ்சின் தேடுவதே மேல். ஆனால் அந்தப் பழைய எஞ்சினையும் இதே பரீட்சைக்கு உட்படுத்திய பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். எஞ்சின் எண் மாறுவதால், போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிலும் அதை மாற்றிக் கொள்வது அவசியம்.

இந்தச் சாமர்த்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது பஸ்களின் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, அதிலிருந்து வந்த வாயுவைக் கொண்டே ஓட்டிக் காட்டினார்கள் நம்மவர்கள். இல்லாமையே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லாவற்றிலும் மலிவான ரிப்பேர் ஒன்று உண்டு; அதற்கு ஒரு காசுகூட வேண்டாம். உஷ்ணம் காட்டும் முள் ஏறத் தொடங்கிய அந்தக் கணமே வண்டியைப் புளிய மரத்து நிழலில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அது. அரைமணி நேரம் தாமதமாகும். வீட்டில் யாராவது கோபித்துக் கொள்வார்கள். கோபித்துக் கொள்ளட்டும்! சங்கிலி கழுத்திலேயே இருக்குமல்லவா?