கழிக்குமுன் கணக்கெடுப்போம்

ரயில்வே அலுவலகத்தில் பழைய காகிதங்களைக் கழிப்பதற்கு ஒரு முறை உண்டு. எந்தப் பதிவேட்டை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. அவ்விதிப்படி பட்டியல் எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்ற பின்னரே ஒரு தாளும் வெளியேறும். அம்முறையில் பல்லாண்டு பழகிய நாம், நம் சங்கத்தின் கணினிக் கோப்புகளைக் கழித்தபோது மட்டும் அதனை மறந்துவிட்டோம். அதனால் நேர்ந்ததைக் கூறுவது அன்பர்களுக்குப் பயன்படும் என எண்ணுகிறோம்.

சங்கத்தின் பொங்கல் விழாப் படங்கள், குழந்தைகளின் தமிழ் வகுப்புப் பாடங்கள், கூட்டக் குறிப்புகள் யாவும் கூகுள் டிரைவில் உள்ளன. 'மேகச் சேமிப்பு' என்று பெயர் பெற்றிருப்பினும் அது வானில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் இயங்கும் கணினிகளில் நமக்கென ஒதுக்கப்பட்ட இடமே அது. கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சலுக்கும் அதே இடந்தான். சென்ற ஆண்டு அது நிரம்பிவிடவே, சங்கத்துக்கு வரும் கடிதங்களும் நின்றுபோயின.

பழைய விழாக்களின் வீடியோக்களை நீக்கினால் இடம் கிடைக்கும். ஆனால் அவை பற்பல கோப்புறைகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்கப் பல நாள் ஆகும். கட்டளை வரியிலோ ஒரே வரி போதும். 'ஆர்குளோன்' என்பது இதற்கென உள்ள இலவச மென்பொருள். அதில் 'டெலீட்' என்று எழுதி, இடத்தின் பெயரைக் குறித்து, 'இன்குளூட்' என்ற சொல்லுடன் நட்சத்திரக் குறியும் 'எம்பி4' என்ற ஈறும் சேர்த்தால், அவ்விடத்திலுள்ள வீடியோக்கள் மட்டும் நீங்கும், மற்றவை நிற்கும். இத்தனை பருமனுக்கு மேற்பட்டவை, இத்தனை ஆண்டுக்கு முற்பட்டவை என்றும் பிரித்துச் சொல்லலாம்.

நாமும் அவ்வாறே எழுதினோம். எழுதியதில் விழாக் கோப்புறையின் பெயர் விடுபட்டுப்போயிற்று. கணினி அதைப் பிழையென்று கருதவில்லை. சேமிப்பு முழுவதிலும் இருந்த அவ்வகை வீடியோக்கள் அனைத்தையும் நீக்கியது. இடம் காலியாகும் என்ற மகிழ்ச்சியில் நாமும் உறங்கச் சென்றோம்.

இருபத்தேழாம் நாள் மூத்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எங்கள் அப்பா இந்த ஊருக்கு வந்த கதையைச் சொன்னாரே, அந்தப் படத்தை ஒருமுறை போட்டுக் காட்டுவீர்களா? அடுத்த வாரம் அவருக்குத் திதி" என்றார். முதியோர் சிலரின் நினைவுகளைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் பதிவு செய்திருந்தோம். அப்பெரியவரின் குரல் வேறெங்கும் இல்லை. தேடினோம், கோப்புறை வெறுமையாக இருந்தது. கை நடுங்கிற்று.

நல்லவேளை, ஆர்குளோன் கூகுள் டிரைவில் நீக்குபவற்றை அழித்துவிடுவதில்லை. குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிறது. அங்கு அவை 30 நாள் இருக்கும், பின்னர் மீளா. மூன்று நாளே எஞ்சியிருந்தன. அன்றிரவே அனைத்தையும் மீட்டோம். எல்லாச் சேமிப்பும் இவ்வளவு கருணையுடையதன்று. அமேசானின் எஸ்3 சேமிப்பில், பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை முன்கூட்டியே இயக்கியிராவிடில், நீக்கியது நீக்கியதே.

இப்பொழுது நாம் கைக்கொள்ளும் முறை இதுவாகும். முதலில் 'எல்எஸ்எஃப்' என்னும் கட்டளையால் கோப்புகளின் பட்டியலை எடுக்கிறோம். அடுத்து, நீக்கும் கட்டளையின் இறுதியில் இரு சிறு கோடுகளிட்டு 'டிரை-ரன்' என்று சேர்க்கிறோம். இஃது ஒத்திகை, எவையெவை நீங்கும் என்று காட்டுமேயன்றி ஒன்றையும் தொடாது. அப்பட்டியலைச் சங்கத்தின் மற்றோர் உறுப்பினர் படித்துச் சம்மதித்த பின்னரே அச்சொல்லை எடுத்துவிட்டுக் கட்டளையை மீண்டும் இடுகிறோம். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் ரயில் புறப்படுவதில்லை அன்றோ?

மேலும் மூன்று எச்சரிக்கைகள். நட்சத்திரக் குறியுள்ள பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இடுக. ஈற்றெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருப்பின் சிறிய எழுத்துக் கட்டளைக்கு அது அகப்படாது, பட்டியலில் பார்த்துக்கொள்க. 'பர்ஜ்' என்ற கட்டளையின் பக்கம் செல்லற்க. அது 'இன்குளூட்' என்ற வரம்பை மதியாது, கோப்புறையையே உள்ளிருப்பவற்றோடு நீக்கிவிடும்.

குப்பைத் தொட்டியில் உள்ளவையும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். ஆதலின் அதை உடனே காலி செய்ய மனம் அவாவும். அந்த முப்பது நாளும் பொறுத்திருத்தல் நன்று. இழந்தது இன்னதென்று நமக்குத் தெரியவருவதற்கே இருபத்தேழு நாள் ஆயிற்று.

திதியன்று அவ்வம்மையாரின் இல்லத்தில் அப்படத்தைப் போட்டோம். ஊரைவிட்டு வந்த கதையைப் பெரியவர் சொல்ல, அவரைக் கண்டிராத கொள்ளுப்பேரன் தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்பர்கள் தத்தம் இல்லத்துக் கோப்புகளைக் கழிக்குமுன் ஒருமுறை பட்டியலைப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.