றப்பர் தலைகளைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பொம்மை என்றால் அது சின்னப் பிள்ளைகளுக்கு என்பதே எம்மில் பலருடைய எண்ணம். தொலைக்காட்சியில் பொம்மை தெரிந்தால் 'பிள்ளையள் பாக்கட்டும்' என்று விட்டுவிட்டு, நாம் குசினிப் பக்கம் போய்விடுகிறோம். பிரித்தானியாவில் குடியேறியிருக்கும் எம்மவர்கள் இந்த எண்ணத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். நாட்டின் பிரதமரையும் அரச குடும்பத்தையும் அவலட்சணமான றப்பர்ப் பொம்மைகளாக்கி, பெரியவர்களுக்கென்றே ஞாயிறு இரவுகளில் காட்டிய நாடு இது. கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதன் பழைய காட்சிகளை இந்நாட்டவர் இன்றும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள்; வேலையிடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது நாம் ஒன்றும் விளங்காமல் நிற்க வேண்டியதில்லை அல்லவா?

அந்நிகழ்ச்சியின் பெயர் 'ஸ்பிற்றிங் இமேஜ்'. ஒருவரை அப்படியே உரித்து வைத்தது போல இன்னொருவர் இருந்தால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். துப்புவது என்ற பொருளும் அச்சொல்லில் ஒளிந்திருப்பதால் நிகழ்ச்சிக்கு மிகப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது! 1984 பெப்ரவரியில் ஐ.ரி.வி. அலைவரிசையில் ஆரம்பித்து 1996 பெப்ரவரி வரை ஓடியது. பீற்றர் ஃபிளக், றொஜர் லோ என்னும் இரு கலைஞர்கள், அதுவரை பத்திரிகைகளுக்காக அரசியல்வாதிகளின் கேலி உருவங்களைச் செய்து படம்பிடித்துக் கொடுத்து வந்தவர்கள், மார்ட்டின் லம்பி நேர்ன் என்பவருடன் சேர்ந்து இதைத் தொடக்கினார்கள். லண்டன் துறைமுகப் பகுதியில் ஒரு பழைய பண்டகசாலைதான் பட்டறை.

பொம்மை என்றதும் நூல் கட்டி ஆட்டுவதை நினைக்க வேண்டாம். தலை முழுவதும் மென்மையான றப்பர் நுரையால் வார்க்கப்பட்டது. ஒருவர் தன் கையைத் தலைக்குள் விட்டு வாயை அசைப்பார். இன்னொருவர் பொம்மையின் கையாக நடிப்பார். கண்ணை உருட்டுவதற்கு வேறு பொறி. குரலோ தனியாக, குரல் மாற்றிப் பேசுவதில் வல்லவர்களுடையது. பிரதமர் மார்கரெட் தட்சரின் குரலைப் பேசியவர் ஸ்ரீவ் நாலன் என்ற ஓர் ஆண்! அந்த வாரச் செய்தியை அந்த வாரமே கேலி செய்ய வேண்டும் என்பதால், சில பகுதிகளைக் கடைசி நேரத்தில் எழுதிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். புகழின் உச்சியில் 1 கோடி 50 இலட்சம் பேர் வரை பார்த்ததாகச் சொல்வார்கள்.

இதை முதன்முதலில் காணும் எம்மவர் மனத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'இதுக்குப் பொலிசு ஒண்டும் செய்யாதோ?' நியாயமான கேள்வி. ஆட்சியில் இருப்பவனைப் பற்றி ஒரு சொல் வாய் தவறி வந்தாலே வீட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எம்மில் சிலர் தொலைக்காட்சி முன்னால் சிரிப்பதற்குக்கூடத் தயங்குவதில் வியப்பில்லை. பொலிசார் எவரும் வரவில்லை. பார்வையாளர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள், அது உண்மை. குறிப்பாக மகாராணியாரின் வயது முதிர்ந்த தாயாரைப் பொம்மையாக்கியபோது, அந்த அம்மாவையுமா விடமாட்டீர்கள் என்று பலர் கோபப்பட்டனர். கோபம் கடிதமாகவும் பத்திரிகைத் தலைப்பாகவும் வந்தது. நிகழ்ச்சியோ அடுத்த ஞாயிறும் வந்தது.

அரசியல்வாதிகளின் எதிர்வினைதான் இன்னும் வேடிக்கை. தம்மைப் பொம்மையாக்கியதற்கு வருந்தியவர்களை விட, தம்மை இன்னும் பொம்மையாக்கவில்லையே என்று வருந்தியவர்கள் அதிகம் என்று ஒரு பேச்சுண்டு. தன் பொம்மையை விலைக்குக் கேட்ட அமைச்சரும் இருந்தாராம். பொம்மை இல்லாவிட்டால் அவர் பெரிய ஆள் இல்லை என்று ஆகிவிட்டது!

நிகழ்ச்சியின் மிகப் புகழ்பெற்ற காட்சி ஒன்றைச் சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. தட்சர் தன் அமைச்சர்களுடன் உணவகத்தில் இருக்கிறார். தனக்கு இறைச்சி கொண்டுவரச் சொல்கிறார். பரிமாறும் பெண் 'மரக்கறிக்கு என்ன?' என்கிறாள். தட்சர் சுற்றியிருக்கும் அமைச்சர்களைப் பார்த்துவிட்டு, 'அவர்களுக்கும் அதுவேதான்' என்கிறார். இதில் என்ன சிரிப்பு என்று கேட்கிறீர்களா? ஆங்கிலத்தில் மரக்கறியைக் குறிக்கும் அதே சொல், மூளை வேலை செய்யாமல் கிடக்கும் ஆளையும் குறிக்கும். அவ்வளவுதான்! சொல் விளையாட்டு விளங்கிய பிறகு அந்த அமைச்சரவையின் நிலை பற்றி நூறு பக்கக் கட்டுரை சொல்லாததை இந்த அரை நிமிடம் சொல்லிவிடுகிறது. இந்நாட்டு நகைச்சுவை விளங்கவில்லையே என்று மனம் தளரும் புதியவர்களுக்கு ஒரு சொல்: விளங்காமல் போவது அறிவுக் குறைவினால் அல்ல, பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு சொல்லின் இரண்டாவது பொருள் தெரியாததனால்தான். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பகிடியை விளக்கிச் சொல்வதில் இவர்களுக்குக் கொள்ளை விருப்பம்.

சரி, இவ்வளவு கேலியால் தட்சர் விழுந்தாரா? இல்லை. ஆண்களின் கோட்டும் சூட்டும் அணிந்து, சுருட்டுப் புகைத்து, அமைச்சர்களைக் குட்டிக் குட்டி வேலை வாங்கும் பொம்மையாக அவரைக் காட்டினார்கள். அவரை வெறுத்தவர்கள் அதில் கொடுமைக்காரியைக் கண்டார்கள். அவரை விரும்பியவர்களோ, 'பார், அத்தனை ஆம்பிளையளையும் அடக்கி வைச்சிருக்கிறா' என்று மகிழ்ந்தார்கள். ஒரே பொம்மை, இரண்டு சிரிப்பு! 1987 ஜூன் 11ஆம் திகதி தேர்தலில் மூன்றாம் முறையும் வென்றார், 102 ஆசனப் பெரும்பான்மையுடன். அன்றிரவு வாக்களிப்பு முடிந்த பின்னரே ஸ்பிற்றிங் இமேஜின் தேர்தல் சிறப்பு நிகழ்ச்சி காட்டப்பட்டது. 1990இல் அவரை வீழ்த்தியது பொம்மை அல்ல, அவருடைய சொந்தக் கட்சியே.

அடி பட்டவர் வேறொருவர். லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீல். அவருடைய கூட்டணிப் பங்காளி டேவிட் ஓவனின் சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்க்கும் சுண்டுவிரல் அளவு மனிதனாக அவரைக் காட்டினார்கள். கொடுமைக்காரராகக் காட்டப்படுபவருக்கு அஞ்சுவார்கள். சின்னவராகக் காட்டப்படுபவரை யார் மதிப்பார்? அது தன் பெயரைப் பாதித்ததென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தட்சருக்குப் பின் வந்த ஜோன் மேஜரைத் தலை முதல் கால் வரை சாம்பல் நிறமாக்கி, மனைவியுடன் பட்டாணிக் கடலை சாப்பிட வைத்தார்கள். இன்றும் மேஜர் என்றால் இந்நாட்டவர் பலருக்கு அந்தச் சாம்பல் நிறமே நினைவில் வருகிறது. எம் கணிப்பில், பொம்மையின் அடி கேலியின் காரத்தில் இல்லை. எந்த ஓர் அம்சத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

கடல் கடந்து பிரான்ஸ் சென்றால் கதை இன்னும் சுவையானது. அங்கு உறவினர் இல்லாத குடும்பம் எம்மிடையே குறைவு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கனால் பிளஸ் அலைவரிசையில் 1988 முதல் 2018 வரை 'கிஞ்ஞோல்' பொம்மைகள் செய்தி வாசித்தன. 1995 ஜனாதிபதித் தேர்தலின் போது ஜாக் சிராக்கின் பொம்மைக்கு, சொந்தக் கட்சி நண்பர்கள் குத்திய கத்திகளை முதுகில் செருகிவிட்டார்கள். அது போகும் இடமெல்லாம் 'அப்பிள் சாப்பிடுங்கள்' என்று சொல்லித் திரிந்தது. கேலிதான். ஆனால் பார்த்தவர்களுக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. சிராக் வென்றார். பொம்மைதான் வெல்ல வைத்ததா என்று பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். அதே பொம்மைக்காரர் 2002இல் அவரை 'சுப்பர் பொய்யன்' என்ற உடையில் பறக்க விட்டபோது மட்டும் எவரும் பாவம் பார்க்கவில்லை.

இவ்விரு நாடுகளோடு ரஷ்யாவையும் வைத்துப் பார்த்தால்தான் எமக்குப் பழக்கமான அந்தப் பயத்துக்கு விடை கிடைக்கும். அங்கே என்.ரி.வி. அலைவரிசையில் 1994இல் 'குக்லி', அதாவது பொம்மைகள், என்ற நிகழ்ச்சி தொடங்கியது. எழுதியவர் விக்தர் ஷெண்டரோவிச். 1995இல் ஜனாதிபதி யெல்ற்சினையும் பிரதமரையும் பிச்சைக்காரர்களாகக் காட்டியதற்கு அரச வழக்குத் தொடுநர் குற்ற விசாரணையே ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை, விசாரணைதான் கைவிடப்பட்டது. 2000 ஆரம்பத்தில், புட்டினை ஒரு பழைய ஜேர்மன் கதையில் வரும் குரூபக் குள்ளனாகக் காட்டினார்கள். இம்முறை காலம் மாறியிருந்தது. சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் சிலர் குற்ற நடவடிக்கை கோரிக் கடிதம் எழுதினார்கள். 2001 ஏப்ரலில் அரசு சார்ந்த காஸ்புரொம் நிறுவனம் அந்த அலைவரிசையையே கைப்பற்றியது. 2002இல் குக்லி இல்லாமற் போயிற்று. பொலிசு வருமோ என்று கேட்கும் எம்மவர் கேள்வி பைத்தியக்காரக் கேள்வி அல்ல என்பது இதிலிருந்து தெரியவரும்.

எமக்கும் இது முற்றிலும் புதிதல்ல என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். தமிழகத்துத் தோற்பாவைக்கூத்தில் இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் புகுந்து, பச்சையான பகிடிகளும் ஊர்க்கதைகளும் பேசிச் சிரிக்க வைப்பார்கள். மனிதன் சொன்னால் வம்பு. பாவை சொன்னால் சிரிப்பு!

இனி வீட்டு விடயத்துக்கு வருவோம். ஸ்பிற்றிங் இமேஜ் 2020இல் பிரிற்பொக்ஸ் என்ற கட்டணச் சேவையில் மீண்டும் வந்து 2021 வரை நடந்தது. பொறிஸ் ஜோன்சன், டிரம்ப் எல்லோரும் பொம்மையானார்கள். வெளியில் இருந்து வந்த பெற்றோரின் மகளான பிரீத்தி பட்டேலும் தப்பவில்லை. அப்போதைய உள்நாட்டு அமைச்சர் என்ற வகையில் அவர் கேலிக்கு உரியவர்தான். சுற்றாடலுக்காகக் குரல் கொடுத்த சுவீடன் சிறுமி கிரேட்டா துன்பேர்க்கை விட்டு வைத்திருக்கலாம் என்று பலர் கண்டித்தார்கள். எமக்கும் அதுவே கருத்து. 1980களின் காட்சிகளில் ஆசிய, ஆபிரிக்க முகங்களைப் பெருப்பித்த விதமும் இன்று பார்க்கையில் கூசுகிறது. மூக்குப் பெரிய பிரபு கேலி செய்யப்படுவதும், எங்கள் நிறம் கேலி செய்யப்படுவதும் ஒன்றல்ல. சிரிக்காமல் இருக்கவும் எமக்கு உரிமை உண்டு.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இவை பொம்மைகள்தான் என்று ஏமாற வேண்டாம். கெட்ட வார்த்தையும் படுக்கையறைப் பகிடியும் தாராளம். பிரித்தானிய ஒளிபரப்பு விதிகளின்படி சிறுவர்களுக்குப் பொருந்தாதவற்றை இரவு 9 மணிக்கு முன்னர் காட்டக்கூடாது. அந்நேரத்தின் பின் பொறுப்பு பெற்றோருடையது. கட்டணச் சேவைகளில் இந்த 9 மணிக் கணக்குச் செல்லாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இரகசிய இலக்கம் போட்டுப் பூட்டி வைக்கலாம். பழைய காட்சிகளை வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது வேறு. யார் இந்தக் கிழவர், ஏன் இப்படிக் காட்டுகிறார்கள் என்று அவர்கள் கேட்க, பள்ளிக்கூடத்தில் படித்ததை அவர்களே எமக்குச் சொல்லித்தர, இந்நாட்டு அரசியல் ஓரளவு எமக்கும் பிடிபடும்.

ஒளிபரப்பான நிகழ்ச்சி ஒன்று மனத்தைப் புண்படுத்தினால் ஒஃப்கொம் என்ற கண்காணிப்பு அமைப்புக்கு முறையிடலாம், பி.பி.சி. நிகழ்ச்சி என்றால் முதலில் பி.பி.சி.க்கே எழுத வேண்டும். இதற்குக் குடியுரிமை தேவையில்லை, கட்டணமும் இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களும் எழுதலாம். நிகழ்ச்சியின் பெயர், அலைவரிசை, திகதி, நேரம், எது பிழை என்பது ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் நாலு வரியில் எழுதினால் போதும்.